கொலாசனும் உடற்காவலும்: ஒரு கொள்கை மாறிய வரலாறு

விஞ்ஞான வரலாற்றில், புதிதாகக் காணப்பட்ட உண்மைகள் பெறும் சிறப்பைக் கைவிடப்பட்ட கொள்கைகள் பெறுவதில்லை. ஆயினும், ஒரு கொள்கை எவ்வாறு தோன்றி எவ்வாறு தளர்ந்தது என்பதை ஆராய்தல் பெரும் பயனுடையது. கொலாசன் என்னும் புரதத்தை உடலின் காவலமைப்பு பொருட்படுத்துவதில்லை என்ற கொள்கை அத்தகையது.

தோல், என்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு வலிமை தருவது கொலாசன். முலையூட்டிகளின் உடற்புரதத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இதுவே. பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இதன் பெயர் பிறந்தது. விலங்குகளின் தோலையும் என்பையும் நீரிற் கொதிக்கவைத்தால் இப்புரதம் சிதைந்து செலற்றின் ஆகின்றது.

வேற்றுயிரின் புரதமொன்றை முயலின் உடலிற் செலுத்தினால், அதனைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகள் அதன் குருதியில் தோன்றுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செலற்றினைச் செலுத்தியோர் அத்தகைய விளைவு எதனையும் காணவில்லை. செலற்றினில் திரிப்தோபன் இல்லை. தைரோசீனும் மிகச் சிறிதளவே உண்டு. இக்குறையே அதன் மந்தநிலைக்குக் காரணமெனப் பலர் கருதினர். 1960 இல் இசிரவேலின் வைசுமன் நிறுவனத்தைச் சேர்ந்த மைக்கேல் செலாவும் உரூத் ஆர்னனும் செலற்றினோடு தைரோசீன் தொடர்களை இணைத்தபோது, அது பிறபொருளெதிரிகளைத் தோற்றுவிக்கும் ஆற்றல் மிகுந்து நின்றது. பழைய கருத்துக்கு இஃது ஒருவாறு சான்றாயிற்று.

எனினும், செலற்றின் வேறு, சிதையாத கொலாசன் வேறு. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமையிற் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து, கொலாசன் மூன்று தொடர்கள் சேர்ந்த அமைப்பு என்று 1954 இல் வெளியிட்டனர். அம்மூன்றும் கயிற்றின் புரிகள் போல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என்பதை 1955 இல் விளக்கினர். மூன்றாவது இடந்தோறும் கிளைசீன் என்னும் மிகச் சிறிய அமினோவமிலம் அமைந்திருப்பதாலேயே இவ்விறுக்கமான முறுக்கு இயல்கின்றது. கொதிநீர் இம்முறுக்கை அவிழ்க்கின்றது; ஆகவே செலற்றினைக் கொண்டு கொலாசனை மதிப்பிட்டது பொருந்தாமற் போயிற்று.

1964 இல் பிரான்சிசு சிமிற்று முதலியோர், கொலாசனின் பிறபொருளெதிரியாக்கும் இயல்பிற் பெரும்பகுதி முறுக்கற்ற முனைத்துண்டுகளிற் தங்கியிருப்பதைக் காட்டினர். இம்முனைகளை நொதியத்தால் அகற்றிய கொலாசன் பின்னர் மருத்துவத்திற் பயன்பட்டது.

கொலாசன் ஒன்றன்று, பல என்ற உண்மை 1969 இல் வெளியாயிற்று. குருத்தெலும்பிலுள்ளது தனிவகையென மில்லர், மற்றுக்காசு ஆகிய இருவரும் கண்டனர். அதுவே இரண்டாம் வகைக் கொலாசன். இந்நாளில் இருபத்தெட்டு வகைகள் அறியப்பட்டுள்ளன.

இவ்வரலாற்றின் திருப்புமுனை 1977 ஆம் ஆண்டு. திரெந்தம், தவுன்சு, காங் ஆகிய மூவரும் இரண்டாம் வகைக் கொலாசனை எண்ணெயுடன் குழைத்து எலிகளுக்குச் செலுத்தினர். எலிகளின் மூட்டுக்கள் வீங்கி அழற்சியுற்றன. முதலாம், மூன்றாம் வகைகளால் இவ்விளைவு உண்டாகவில்லை. வெப்பத்தாற் சிதைக்கப்பட்ட இரண்டாம் வகையாலும் உண்டாகவில்லை. 1980 இற் சுண்டெலிகளிலும் இந்நோய் தோற்றுவிக்கப்பட்டது. ஆயினும் எல்லாச் சுண்டெலிக் குலங்களும் அதற்கு ஆட்படவில்லை.

இதன் காரணம் பின்னர் விளங்கியது. காவலமைப்பு கொலாசனை இருவகையாக அறிகின்றது. பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் சிதையாத முறுக்கின் வடிவையே பற்றுகின்றன. ரீ-நிணநீர்க்கலங்களோ முழுப் புரதத்தைக் காண்பதில்லை. பிற கலங்கள் அதனைச் செரித்துத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் சிறு துண்டையே அறிகின்றன. துண்டை ஏந்தும் மூலக்கூறு பரம்பரையால் வேறுபடுவதால், ஒரு குலம் நோயுறப் பிறிதொரு குலம் தப்புகின்றது. ரீ-கலங்களின் உதவியால் உண்டாகும் பிறபொருளெதிரிகள் தன் குருத்தெலும்பையே சென்று பற்ற, நிரப்பி எனப்படும் குருதிப்புரதங்கள் தூண்டப்பட்டு அழற்சி மூளுகின்றது.

மனிதரின் முடக்குவாதத்திலும் இதுவே நிகழ்கின்றதா என்பது எளிதில் விடை காண முடியாத வினா. நோயாளர் சிலரிடம் இரண்டாம் வகைக் கொலாசனுக்குரிய பிறபொருளெதிரிகள் உள, பலரிடம் இல. அவை நோய்க்குக் காரணமா, சிதைந்த மூட்டின் விளைவா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கோழிக் கொலாசனை உணவு வழியாக ஊட்டினால் காவலமைப்பு பொறுமை கொள்ளும் என்ற நம்பிக்கையில் 1993 இல் அறுபது நோயாளரிடம் நடத்திய சோதனை நற்பயன் காட்டியது. அந்நம்பிக்கையைப் பிந்திய சோதனைகள் உறுதியாக நிலைநாட்டவில்லை.

2006 இல் வேறொரு வாயிலும் திறந்தது. வெண்குழியங்களின் மேற்பரப்பிலுள்ள லேர்-1 என்னும் வாங்கி கொலாசனைப் பற்றுவதும், அவ்வாறு பற்றியபோது அக்கலங்களின் வேகத்தை அடக்குவதும் அறியப்பட்டன. முன்னோர் கண்ட அமைதி பொய்யன்று. ஆயினும் அதற்கு அவர்கள் கூறிய காரணம் முழுமையானதன்று. கொலாசனைக் காவலமைப்பு அறியாதிருக்கவில்லை, அறிந்தே அடங்கியிருக்கின்றது. அவ்வடக்கம் குலையுமிடத்து நோய் பிறக்கின்றது. விளைவு காணாமையை விளைவின்மையாகக் கொள்ளலாகாது என்பதே இவ்வரலாறு மாணாக்கருக்கு உணர்த்தும் பாடமாகும்.