அலையைத் தாங்கிய மதில்

காலிக் கோட்டையின் மதில் மண்ணில்தான் பிறந்தது. இலங்கையின் தென்கரையில் கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் போர்த்துக்கேயர் மண்சுவரும் அகழியும் எழுப்பினார்கள். அதுவும் தரைப்பக்கம் மட்டும். மற்றப் பக்கங்களுக்குப் பாறையும் கடலுமே காவல் என்று விட்டுவிட்டார்கள்.

1640இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் காலியைப் பிடித்தார்கள். 1663 வாக்கில் மண்சுவர் கல்மதிலாக மாறியது. நட்சத்திரம், சந்திரன், சூரியன் என்று மூன்று கொத்தளங்கள் தரையைப் பார்த்து எழுந்தன. கடற்பக்க மதில் முடிய 1729 ஆயிற்று. பூச்சு உதிர்ந்த இடத்தில் குனிந்து பார்த்தால், கருங்கல்லுக்கு நடுவே துளைதுளையாக முருகைக்கல் தெரியும். தெருக்களுக்கு அடியிலும் ஒல்லாந்தர் வேலை உண்டு: ஏற்றத்தின்போது வடிகால்களுக்குள் புகும் கடல்நீர், வற்றும்போது கழிவை அள்ளிக்கொண்டு போகும்.

1796இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த அடியைக் கொடுத்தது வணிகம். 1875இல் கொழும்பில் அலைதாங்கி கட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் நீராவிக் கப்பல்கள் காலியை விட்டு அங்கே போய்விட்டன. ஊர் தேங்கியது. ஆனால் பணம் வராத ஊரில் பழையதை இடிக்கவும் ஆளில்லை. மதிலும் தெருக்களும் அப்படியே தப்பின. 1988இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமையாக ஏற்றது.

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. பாறையின் உயரமும் மதிலின் கனமும் சேர்ந்து அலையைத் தாங்கின. கோட்டைக்குள் பெரிய சேதமில்லை. மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்தையும் கடைத்தெருவையும் கிரிக்கெட் மைதானத்தையும் வெள்ளம் வாரிச் சுருட்டியது. மதிலால் தனக்குள் இருந்தவர்களை மட்டுமே காக்க முடிந்தது.

ஊர் மெல்ல மெல்ல எழுந்தது. 2007 டிசம்பரில் அந்த மைதானத்தில் மீண்டும் டெஸ்ட் போட்டி நடந்தது. ஆனால் மீட்சியை நான் அதை வைத்து அளக்க மாட்டேன்; எச்சரிக்கையை வைத்துத்தான் அளப்பேன். 2004இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நடுங்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் அலை காலிக்கு வந்தது. அதற்கு முன்பே கிழக்குக் கரையை அடித்திருந்தது. ஒரு செய்தி வந்து சேர்ந்திருந்தால் எத்தனையோ பேர் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி மறுபடி நடுங்கியபோது, இலங்கைக் கரையில் எச்சரிக்கை ஒலித்தது. மக்கள் உள்நோக்கி நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை. அதனால் அந்த ஓட்டம் வீண் என்று யாரும் சொல்லக் கூடாது. மதிலுக்கு வெளியே வாழ்கிறவர்களுக்குக் கிடைத்த காவல் அதுதான்.