கரகரக்கும் வால்வும் 70 ரூபாய் ரேடியோவும்

வால்வு வைத்த கிட்டார் ஆம்ப்ளிஃபையரை ஆன் பண்ணினால் முதல் இரண்டு நிமிஷம் சமர்த்தாக இருக்கும். சூடு ஏற ஏற, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம் ஆரம்பிக்கும். உடனே பக்கத்தில் இருக்கிறவர், "வால்வு போச்சு, இனிமே கிடைக்காது, எடைக்குப் போட்டுருங்க" என்பார். அப்படி எடைக்குப் போன பெட்டிகள் நிறைய. ஆனால் பல நேரம் குற்றவாளி வால்வே இல்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும், அதில் பாதி நம்ம கோயமுத்தூர்க் கதை.

கிட்டார் ஆம்ப் என்பது ரேடியோவின் கூடப் பிறந்த தம்பி. அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன லியோ ஃபெண்டர், 1938ல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டவர். அவர் கம்பெனியின் 'சாம்ப்' என்ற சின்ன ஆம்பில் மூன்றே வால்வுதான். ஒன்று சத்தத்தைப் பெருக்கும், ஒன்று ஸ்பீக்கரை ஓட்டும், ஒன்று ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும். ஐந்து வால்வு ரேடியோவில் கடைசி மூன்று வால்வும் இதே வேலையைத்தான் செய்யும். முதல் இரண்டும் ஸ்டேஷனைப் பிடிக்க.

இந்த ஐந்து வால்வு ரேடியோ என்றால் நமக்கு ஜி.டி.நாயுடு ஞாபகம் வர வேண்டும். 1941ல் அவர், அப்படி ஒரு செட்டை 70 ரூபாய்க்கு இந்தியாவிலேயே செய்து தர முடியும் என்று அறிவித்தார். காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இது ஆச்சரியமான விலை. உலகப்போர் நடக்கிறது, வால்வு இங்கே தயாராகவில்லை. (பாரத் எலெக்ட்ரானிக்ஸே 1954ல்தான் பெங்களூரில் தொடங்கியது. வால்வு செய்தது அதற்கும் பிறகு.) இறக்குமதிச் சரக்கை வைத்துக்கொண்டு 70 ரூபாய்க்கு காஸ்ட்டிங் போட ஒரு தைரியம் வேணுங்க!

அதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, பம்புசெட் வந்தது. 1937ல் பீளமேட்டில் மோட்டாரே தயாரித்தார்கள். சென்னை வானொலி 1938லும் திருச்சி வானொலி 1939லும் ஆரம்பித்துவிட்டதால், கேட்கவும் ஏதோ இருந்தது. இதில் ஒரு வேடிக்கை: மோட்டாருக்கு ஸ்விட்ச் போடும்போது தெறிக்கிற பொறி பக்கத்து ரேடியோவில் 'படபட'வென்று கேட்கும். அதனால் ரேடியோ மெக்கானிக்கின் முதல் வேலை ஏரியலைக் கழற்றிப் பார்ப்பது. சத்தம் நின்றால் கோளாறு வெளியே, நிற்காவிட்டால் செட்டுக்குள்ளே. கிட்டார் ஆம்பில் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிறோமே, அதே பரீட்சைதான்.

சரி, உள்ளே என்றால் எங்கே?

இங்கேதான் எல்லாரும் இரண்டு சத்தங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 1918ல் ஜெர்மனியில் ஷாட்கி என்பவர், வால்வுக்குள் மின்சாரம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை, தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி எலெக்ட்ரான் எலெக்ட்ரானாக விழுகிறது என்று காட்டினார். 1928ல் அமெரிக்காவில் ஜான்சன், ரெசிஸ்டர் சூட்டினாலேயே ஒரு சத்தம் உண்டாகும் என்று அளந்து எழுதினார். இரண்டும் விடாமல் 'ஸ்ஸ்ஸ்' என்று கேட்கும். அது இயற்கை, ரிப்பேர் பண்ண முடியாது. கரகரப்பு அப்படியில்லை. அது விட்டு விட்டு வரும். எங்கேயோ இரண்டு பொருள் ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்கிற வழி சுலபமானதுதான். வால்யூமைத் திருகும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. சுத்தம் பண்ணியும் போகவில்லை என்றால், அதற்கு முன்னால் இருக்கிற கண்டென்சர் ஒழுகி டி.சி. அந்தப் பக்கம் வருகிறது (பழைய காகிதக் கண்டென்சருக்கு ஈரம் இழுக்கிற குணம் உண்டு). வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் பொரிந்தால் கோளாறு அதற்குப் பின்னால். அடுத்து, ஆஃப் பண்ணி, ஆறவிட்டு, முன்பக்க வால்வை எடுத்துவிட்டு மறுபடி ஆன். சத்தம் நின்றால் அந்த வால்வோ அது உட்காரும் சாக்கெட்டோ அதைச் சுற்றி இருப்பதோதான். வேறு நல்ல வால்வு போட்டுப் பாருங்கள். சாக்கெட்டின் கால்களையும் துடைத்துப் பாருங்கள்.

அப்போதும் பொரிந்தால்? கைகாட்ட வேண்டியது வால்வின் ஆனோடுக்குப் போகிற ரெசிஸ்டரை. அந்தக் காலத்து ரெசிஸ்டர், கரித்தூளைப் பிசினில் குழைத்து அழுத்தியது. வருஷக்கணக்காகச் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்தால் துகளுக்குத் துகள் தொடர்பு தளரும். பெரிய வோல்டேஜ் அந்தத் துகள்களைத் தாண்டித் தாண்டிக் குதிக்கும். அதுதான் நம்ம கடுகு.

ஒரு எச்சரிக்கை, விளையாட்டில்லை. இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேலேயும் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்பார்மர் போய்விடும். சேஸியைத் திறக்கிற கட்டம் வந்தால், பழைய ரேடியோ பார்த்துக் கைபழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள். வால்வு இனி கிடைக்காது என்பதும் தவறு, ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் கிட்டார்காரர்களுக்காகவே இன்னும் செய்கிறார்கள்.

அவரிடம் ஆனோடு ரெசிஸ்டரைக் கழற்றி மெட்டல் ஃபிலிம் வகை போடச் சொல்லுங்கள். மதிப்பு அதேதான் இருக்கட்டும், பெரும்பாலும் 100 கிலோ ஓம். ஒரு டீயின் விலைகூட ஆகாது.