டெயில்ஸ்டாக் மாற்றிப் பொருத்துதல்

மரக் கடைசல் லேத்தில் கட்டையின் மறுமுனையைத் தாங்கும் உறுப்பு டெயில்ஸ்டாக். ஒரு லேத்தின் டெயில்ஸ்டாக்கை வேறொன்றில் பூட்ட, முதலில் பார்க்க வேண்டியது மைய உயரம்: லேத்தின் அடித்தளமான பெட்டின் மேற்பரப்பிலிருந்து சுழலும் ஸ்பிண்டிலின் மையம் வரையிலான அளவு. டெயில்ஸ்டாக்கின் உயரம் குறைந்தால் அடியில் கட்டை கொடுக்கலாம். ஆனால் மரக்கட்டை ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரும்போ அலுமினியமோ மேல். உயரம் மிகுந்தால் அடிப்பாகத்தைச் சீவ வேண்டும். அது மெஷின் ஷாப் வேலை. அடியிலுள்ள நாக்கு பெட்டின் இடைவெளியில் ஆட்டமின்றி அமைய வேண்டும். பெட்டுக்குக் கீழிருந்து இறுக்கும் பிடிதகட்டைப் புதிதாகச் செய்வதே எளிது.

சோதிக்க, இருபுறமும் கூர் சென்டர்களைச் செருகி முனைகளைத் தொடவிடுவர். ஒரு நிலையில் மட்டும் பார்ப்பது ஏமாற்றும். டெயில்ஸ்டாக்கின் நீளும் குழாயான பேரலை முழுக்க நீட்டியும் பார்த்தால்தான் சாய்வு தெரியும். இரு சென்டர்களுக்கிடையே கடையும்போது சிறு பிசகு பொறுக்கும். துளையிடும்போது பொறுக்காது, துளை அகன்றுவிடும்.

சென்டரைச் செருகும் கூம்பு வடிவமான மோர்ஸ் டேப்பரின் அகன்ற முனை 1-ஆம் எண்ணில் 12.065 மி.மீ., 2-ஆம் எண்ணில் 17.78 மி.மீ. சிறிய சென்டரைப் பெரிய பேரலில் ஸ்லீவ் போட்டுச் செருகலாம். பெரியதைச் சிறியதில் செருக முடியாது.