மாத்தையா மீதான விசாரணை: முப்பது ஆண்டுகளின் பின்னும் வெளிவராத ஏடுகள்

விடுதலைப் புலிகளின் பிரதித் தலைவராக இருந்த மாத்தையா கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்திய உளவு அமைப்பான 'றோ'வுடன் சேர்ந்து அவர் தலைவரைக் கொல்லச் சதி செய்தாரா என்ற வாக்குவாதம் யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் இன்னும் ஓயவில்லை. அதற்கு இந்தக் கட்டுரை தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தக் கேள்வி ஏன் தீராமலே கிடக்கிறது, அதன் பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையே எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

மாத்தையாவின் இயற்பெயர் கோபாலசாமி மகேந்திரராசா. வன்னியில் தளபதியாக இருந்தவர். பிரேமதாச அரசுடன் 1989–90இல் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் உருவான விடுதலைப் புலிகள் மக்கள் முன்னணிக்குத் தலைமை தாங்கினார். 1993 ஜனவரியில், இந்தியக் கடற்படை வழிமறித்த கப்பலில் கிட்டு உயிரிழந்தார். அந்தப் பயணம் பற்றிய தகவல் கசிந்தது எப்படி என்ற கேள்வி இயக்கத்துக்குள் எழுந்தது. அதே ஆண்டில் மாத்தையாவும் அவருடன் இருந்த போராளிகள் பலரும் யாழ்ப்பாணத்தில் கைதுசெய்யப்பட்டார்கள். பொட்டு அம்மானின் புலனாய்வுத்துறை அவர்களை விசாரித்தது. 1994 டிசம்பர் 28இல் மாத்தையாவுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

இயக்கத்தின் பக்கத்திலிருந்து இதைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் அடேல் பாலசிங்கம். 2001இல் ஆங்கிலத்தில் வெளியான அவரது 'சுதந்திர வேட்கை', சதி நடந்தது என்றும் அதற்காகவே தண்டனை வழங்கப்பட்டது என்றும் சொல்கிறது. மறுபக்கத்தில், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) அமைப்பின் அறிக்கைகள் அந்தக் காலத்துத் தடுப்பு முகாம்களையும் சித்திரவதைகளையும் பதிவுசெய்தன. ஊடகக் கற்கை படித்தபோது, ஒரு தகவலை இரண்டு மூலங்களில் சரிபார்க்க வேண்டும் என்று எங்களைப் பழக்கினார்கள். இந்த விடயத்தில் இருக்கும் எல்லா மூலங்களும் இரண்டாம் கைத் தகவல்கள்தான். குற்றப்பத்திரம், சாட்சியம், எதிரியின் வாக்குமூலம், தீர்ப்பு ஆகிய நான்கில் ஒன்றுகூட மக்கள் பார்வைக்கு வரவில்லை.

நீதிமன்றம் இருந்த ஊர்

அந்த நேரத்தில் யாழ்ப்பாணத்தில் நீதிமன்றம் இல்லாமல் இல்லை. 1991இல் தமிழீழக் காவல்துறை தொடங்கப்பட்டது. 1993இல் தமிழீழ நீதித்துறை வந்தது. சட்டக் கல்லூரியும் நடந்தது. 1994இல் தண்டனைச் சட்டக்கோவையும் வெளியானது. காணித் தகராறும் கடன் பிரச்சினையும் அந்த நீதிமன்றங்களுக்குப் போயின. வயதில் மூத்தவர்களிடம் கேட்டால், வழக்குகள் இழுபடாமல் முடிந்ததைப் பலர் இப்போதும் மெச்சிச் சொல்வார்கள். வேலித் தகராற்றுக்குத் திறந்திருந்த அந்தக் கதவு, மரணதண்டனைக்குரிய மிகப் பெரிய குற்றச்சாட்டுக்குத் திறக்கவில்லை. குற்றம் சாட்டியதும், விசாரித்ததும், தண்டித்ததும் ஒரே தரப்பு.

ஆயுதக் குழுக்களையும் கட்டுப்படுத்தும் ஜெனீவா உடன்படிக்கைகளின் பொதுவான 3ஆம் உறுப்புரை இதைத்தான் தடைசெய்கிறது. முறையாக அமைந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு இல்லாமல் யாருக்கும் மரணதண்டனை நிறைவேற்றக்கூடாது என்பது அதன் சாரம்.

இது ஒரு இயக்கத்தின் கதை மட்டும் அல்ல. 1980களில் தமிழ்நாட்டின் ஒரத்தநாட்டுப் பகுதியில் இருந்த புளொட் முகாம்களிலும் உளவாளி என்ற சந்தேகத்தில் சொந்தத் தோழர்களே வதைக்கப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அங்கிருந்து வெளியேறியவர்களின் அனுபவம்தான் 1985இல் வந்த கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' நாவல்.

மியன்மாரும் கொழும்பும்

இராணுவ ஆட்சிகளிலும் இதே பாதைதான். மியன்மாரில் பிரதமராகவும் இராணுவப் புலனாய்வின் தலைவராகவும் இருந்த கின் நியுண்ட் 2004 ஒக்டோபரில் நீக்கப்பட்டார். உடல்நலக் குறைவு என்று அரசு அறிவித்தது. அவரது புலனாய்வு வலைப்பின்னல் முழுவதும் கலைக்கப்பட்டது. இன்செயின் சிறைக்குள் கூடிய சிறப்பு நீதிமன்றம் 2005இல் அவருக்கு 44 ஆண்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அவருக்குக் கீழே வேலைசெய்த அதிகாரிகள் பலருக்கு நீண்டகாலச் சிறை கிடைத்தது. பல ஆண்டுகள் மற்றவர்களை இரகசியமாக அடைத்துவைத்தவர்கள், தாங்களே மூடிய அறைக்குள் நிறுத்தப்பட்டார்கள். கின் நியுண்ட் 2012 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

கொழும்பில் 2010இல் சரத் பொன்சேகாவை விசாரித்த இராணுவ நீதிமன்றம் கடற்படைத் தலைமையகத்தினுள் கூடி, அவருக்கு 30 மாதச் சிறை விதித்தது. அது அரசியல் பழிவாங்கல் என்று அவர் சொன்னார். ஆனால் அவருக்குச் சட்டத்தரணிகள் இருந்தார்கள்; மேல் நீதிமன்றங்களுக்குப் போக வழி இருந்தது; ஏடு இருக்கிறது. அரைகுறையான நீதியைக்கூட நாளைக்குக் கேள்வி கேட்கலாம். ஏடே இல்லாத தீர்ப்பை எதிர்க்கவும் முடியாது, ஆதரிக்கவும் முடியாது.

குடும்பங்கள்

மாத்தையாவின் பெயராவது வரலாற்றில் இருக்கிறது. அவரோடு பிடிபட்ட இளம் போராளிகளின் பெயர்கள் மாவீரர் பட்டியலிலும் இல்லை, துயிலும் இல்லங்களிலும் இல்லை. 'துரோகியின் வீடு' என்ற சொல் மட்டும் அந்த வீடுகளில் தங்கியது. கார்த்திகையில் ஊரே விளக்கேற்றும்போது, அந்தத் தாய்மாருக்கு இடமில்லை. நல்லிணக்க ஆணைக்குழுவும் ஐ.நா. விசாரணையும் 2002 பெப்ரவரிக்குப் பிந்திய காலத்தையே எடுத்துக்கொண்டதால், இந்த மரணங்கள் அவற்றுக்குள்ளும் அடங்கவில்லை.

சட்டப்படி ஒரு வாசல் உண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமல்போனோர் அலுவலகம், காணாமல்போன காலம் எதுவானாலும் முறைப்பாட்டை ஏற்கலாம். கொண்டுபோனது அரசா இயக்கமா என்ற வேறுபாடும் இல்லை. அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தின்படி, காணாமற்போனமைக்கான சான்றிதழும் பெறலாம்; காணி, வங்கி அலுவல்களுக்கு அது உதவும். ஆனால் அலுவலகத்தின் கண்டறிதல் யாரையும் குற்றவாளியாக்காது. 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரம் இருந்து போராடத் தொடங்கிய உறவுகள் அந்த அலுவலகத்தை நிராகரிப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

சரணடைந்தவர்கள் எங்கே, பட்டியலைக் காட்டு என்று அரசிடம் கேட்கிறோம். கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1993–94இல் என்ன நடந்தது என்று அறிந்த முன்னாள் போராளிகள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கொல்லப்பட்டவர்களின் பெயரையும், நாளையும், புதைத்த இடத்தையும் அவர்கள் அந்தக் குடும்பங்களிடமாவது சொல்ல வேண்டும். இப்போது எழுபதைத் தாண்டிய அந்தத் தாய்மாருக்குக் காத்திருக்க அதிக காலம் இல்லை.