பீடோரிலிருந்து திருச்சி: வானில் 4 மணி நேரம், வாசலுக்கு வாசல் அரை நாள்

பீடோர், தமிழ்நாட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் தவறிவிட்டார் என்று தொலைபேசி வந்தால், வீட்டில் முதலில் எழும் கேள்வி, "எடுப்பதற்குள் போய்ச் சேர முடியுமா?" என்பதுதான். விமான நேரத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து (கேஎல்ஐஏ) திருச்சிக்கு வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் சுமார் 4 மணி நேரம் ஆகும். சென்னை சுமார் 2,630 கிலோமீட்டர் என்பதால் வானில் சற்றே அருகில் உள்ளது. ஆனால், புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் செல்வோர் சென்னையில் இறங்கினால், அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தரைவழியில் போக வேண்டியிருக்கும்.

கடிகாரமும் குழப்பும். இந்திய நேரம் மலேசிய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 9.00 மணிக்குப் புறப்பட்டால், திருச்சியில் இறங்கும்போது அங்கு மணி 10.30 தான். திரும்பும்போது நண்பகல் 12.00 மணிக்குப் புறப்பட்டால், இங்கு வந்திறங்க மாலை 6.30 ஆகிவிடும்.

வாசலுக்கு வாசல் கணக்கைப் பார்ப்போம். பீடோரிலிருந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாகக் கேஎல்ஐஏ 200 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காரில் இரண்டரை மணி நேரம். விமானத்திற்கு 3 மணி நேரம் முன்னதாக அங்கிருப்பது நல்லது. பறப்பதற்கு 4 மணி நேரம், குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒரு மணி நேரம், புதுக்கோட்டைக்குச் சாலையில் இன்னொரு மணி நேரம். மொத்தம் பதினொன்றரை மணி நேரம். கிளம்பும்போது முனையத்தையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏர் ஏசியா விமானங்கள் முனையம் 2-இலிருந்தும், பாத்திக் ஏர் முனையம் 1-இலிருந்தும் புறப்படுகின்றன.

பினாங்கு விமான நிலையமும் பீடோரிலிருந்து ஏறக்குறைய இதே தொலைவுதான். 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னை–பினாங்கு நேரடிச் சேவையைத் தொடங்கியது. வான்வழித் தூரம் சுமார் 2,365 கிலோமீட்டர். சென்னைப் பக்கம் செல்வோர் இதையும் பார்க்கலாம்.

கப்பலில் நாள்கணக்கில் பயணம் செய்த காலத்தில், ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால் இங்கிருந்தே அழுவதைத் தவிர வேறு வழியில்லை. 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்தது. இன்று தூரம் தடையில்லை, விசாதான் தடையாகலாம். இந்தியாவின் இணையவழிச் சுற்றுலா விசாவுக்குக் குறைந்தது 4 நாள்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. கடப்பிதழும் குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். ஓசிஐ அட்டை வைத்திருப்போருக்கு விசா தேவையில்லை. மற்றவர்கள் அவசரத்திற்குக் கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தைத்தான் நாட வேண்டும்.

ஊரில் வயதான பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ இருப்பவர்கள் கடப்பிதழின் காலாவதித் தேதியை இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. துக்கச் செய்தி வந்தால், ஊருக்குச் சொல்ல வேண்டியது விமானம் இறங்கும் நேரத்தை அல்ல, வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நேரத்தை. எடுக்கும் நேரத்தை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.