பைலா வந்த வழி

வன்னிக் கமக்காரன் கல் கிளப்ப எடுக்கும் அலவாங்கும், திண்ணையிற் கிடக்கும் வாங்கும், அறையில் நிற்கும் அலுமாரியும் போர்த்துக்கீச மொழிவழி வந்த பெயர்களைத் தாங்குவன. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கீசரால் காடடர்ந்த வன்னியை முற்றாக அடக்கியாள இயலவில்லை. வன்னிமைகள் திறை செலுத்தித் தம்மாட்சியைப் பேணின. எனினும், வாள் முழுமையாகப் புகாத நிலத்திலும் சொல் புகுந்தது. சொல்லைத் தொடர்ந்து, நெடுங்காலம் கழித்து, ஓர் இசையும் வந்தது. அதுவே பைலா.

ஆடுதல் என்னும் பொருளுடைய போர்த்துக்கீசச் சொல்லே இப்பெயரின் வேராகும். ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட காப்பிரிகளின் தாளமும் ஐரோப்பியரின் நரம்பிசையும் இலங்கைக் கரையோரங்களிற் கலந்தன. புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியிற் காப்பிரி வழியினர் 'மாஞ்சா' பாடுவர். மட்டக்களப்புப் பறங்கியர் மணவீடுகளிற் 'கப்றிஞ்ஞா' ஆடுவர். ஆறெட்டுத் தாளத்தில் துள்ளும் இந்நடையை 1940களிற் சிங்களப் பாட்டாக்கிப் பரப்பியவர், பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்டியன்.

பின்னர் மின்கிற்றாரின் துணையோடு தமிழ்ப் பொப்பிசை எழுந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' ஆகியவை வானொலி வழியே ஊர்தோறும் பரவின. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்களும் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர். 1990களில் வன்னியில் மின்சாரம் அற்று, மின்கலங்களைக் கொண்டுசெல்லவும் தடை இருந்த நாட்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ மின்னாலே வானொலி கேட்டனர்.

வன்னிக்கு உரிய இசை வேறு. முல்லைமோடியில் ஆடப்படும் கோவலன் கூத்துக்கு அண்ணாவியார் வேண்டும், மத்தளகாரர் வேண்டும், இரவிரவாகப் பார்த்திருக்கும் ஊர் வேண்டும். பொப்பாட்டுக்கோ ஒரு வாயும் தட்டுவதற்கு ஒரு தகரமும் போதும். ஆதலால், 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்விலே ஊர்கள் சிதறியபோது, இலேசான பாட்டு மக்களோடு கூடவே சென்றது. கூத்தோ ஊர் மீண்டும் கூடும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதனாற் பைலாவைப் பழித்தல் முறையன்று. அயலவரின் தாளத்தை மூன்று இனத்தாரும் தமதாக்கிக்கொண்டனர். அது இந்நாட்டின் செல்வமே. ஆயினும், கேட்டவுடன் வாயில் ஒட்டும் பாட்டுத் தானே வாழும். பயின்று பெறவேண்டிய கூத்தைப் பயிற்றுவோரும் பயில்வோருமே வாழ்விக்க வேண்டும்.