தாமிங் சாரி: கொடுத்ததும் பறித்ததும்

சிகாமட் என்னும் ஊர்ப்பெயருக்குப் பழங்கதை ஒன்று வழங்கி வருகின்றது. 1511-இல் போர்த்துக்கீசியரிடம் மலாக்கா வீழ்ந்தபின், அங்கிருந்து வெளியேறிய பெண்டாஹாரா இங்குள்ள ஆற்று நீரைப் பருகி, 'செகார் அமாட்' என வியந்தாராம். மிகுந்த புத்துணர்ச்சி என்பது அதன் பொருள். பெயராய்வாளர் இதனை ஏற்பினும் மறுப்பினும், மலாக்காவின் வீழ்ச்சியோடு இவ்வூர் தன்னைப் பிணைத்துக்கொண்டது என்பது தெளிவு. அவ்வீழ்ச்சிக்கு முன்குறியாக, ஒரு கிரிஸ் கடலில் பறிபோன செய்தியைக் கூறுகிறது 'ஹிக்காயாட் ஹங் துவா' என்னும் மலாய்ப் பெருங்கதை. 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்ற நூல் அது.

அந்தக் கிரிஸின் பெயர் தாமிங் சாரி. முதலில் அது மஜாபாஹிட் வீரன் ஒருவனுக்கு உரியது. அவன் பெயரே கிரிஸுக்கும் ஆயிற்று. அதனை ஏந்தியவன் உடலில் எந்தப் படைக்கலமும் பாயாது. இதனை உணர்ந்த ஹங் துவா, சூழ்ச்சியால் அதனைக் கைப்பற்றிய பின்னரே அவனை வீழ்த்த முடிந்தது. பின்னர் மஜாபாஹிட் மன்னன் அதனை ஹங் துவாவுக்கே பரிசாக அளித்தான்.

சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது. அவதூறு ஒன்றை நம்பிய மலாக்கா சுல்தான் ஹங் துவாவைக் கொல்ல ஆணையிட்டான். பெண்டாஹாரா அவனைக் கொல்லாது மறைத்து வைத்தார். கிரிஸோ அரசன் கையாலேயே ஹங் ஜெபாட்டுக்கு வழங்கப்பெற்றது. நண்பனுக்கு நேர்ந்த அநீதியைப் பொறாத ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றியபோது, அவனை எதிர்க்க வல்லார் எவருமில்லை. தான் கொடுத்த வரமே தன்னைச் சுடக் கண்ட மன்னனின் நிலை, பத்மாசுரனுக்கு வரமளித்த கதையை நமக்கு நினைவூட்டும்.

மறைவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஹங் துவா, மஜாபாஹிட்டில் செய்ததையே மீண்டும் செய்தான். சூழ்ச்சியால் தாமிங் சாரியைப் பறித்து, அதனாலேயே ஜெபாட்டைக் குத்தினான். காயத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் நகரில் வெறியாடிய ஜெபாட், இறுதியில் நண்பன் மடியிலேயே உயிர் நீத்தான். வென்றவன் ஹங் துவா என்றாலும், வாசகர் நெஞ்சில் ஒரு முள் தங்கிவிட்டது. 'செஜாரா மெலாயு' இதனையொத்த போரை ஹங் கஸ்தூரியின் மீது ஏற்றிச் சொல்கின்றது. அங்கும் வெற்றி நேர்மையாக வரவில்லை என்பது கருதத்தக்கது. கதைத் தலைவனைப் புகழ வந்த ஆசிரியர்கள் இதனை மறைக்காது எழுதினரே, அதுவே அவர்தம் பெருமை. பின்னாளில் காசிம் அகமதுவின் ஆய்வும், ஜொகூர் மண்ணில் பிறந்த உஸ்மான் அவாங்கின் நாடகமும் ஜெபாட்டின் பக்கம் நின்று பேசியமைக்கு வித்து அங்கேயே இருக்கின்றது.

கதை சொல்வோர்க்கு இஃது என்றுமுள்ள இடர்ப்பாடு. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலும் இதனைக் காணலாம். அதில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரர்களாகப் பாத்திரம் ஏற்பர். நடத்துநர் அளவின்றி ஆற்றலுடைய மாயக் கருவியை ஒருவருக்கு அளித்துவிட்டால் ஆட்டமே சுவை கெடும். சும்மா பறித்தாலோ பெற்றவர் மனம் கசக்கும்.

நம் பாரதம் இதனை எவ்வாறு தீர்த்தது? கர்ணனின் கவசகுண்டலம் உள்ளவரை அருச்சுனனுக்கு வெற்றியில்லை. இந்திரன் அந்தணனாக வந்து இரந்தான். வந்தவன் யாரென அறிந்தே கர்ணன் அறுத்துக் கொடுத்தான். ஈடாக ஒரே முறை எறியத்தக்க வேல் கிடைத்தது. அதுவும் கடோற்கசன் மீது செலவாயிற்று. சூழ்ச்சி இங்கும் உண்டு. ஆயினும் இழந்தவனைக் கேட்டுப் பெற்றமையால் அவன் புகழ் வளர்ந்தது. சிறுமை இந்திரனுக்கே எஞ்சியது. ஜெபாட்டிடம் எவரும் கேட்கவில்லை. அரசன் மனமுவந்து ஈந்த பொருள் என்பதையும் ஒருவரும் எண்ணவில்லை.

ஹங் துவாவிடமும் அந்தக் கிரிஸ் நிலைக்கவில்லை. சிங்கப்பூர் நீரிணையில் மன்னனின் மணிமுடி கடலில் விழ, அதனை எடுக்க மூழ்கினான் ஹங் துவா. வெள்ளை முதலை ஒன்று அவனிடமிருந்து தாமிங் சாரியைக் கவர்ந்து சென்றது, மணிமுடியும் மீளவில்லை. அதன்பின் மன்னனும் வீரனும் நலிந்தனர். கடலில் போனதாக நூல் கூறினும், தாமிங் சாரி என்னும் பெயருடைய கிரிஸ் ஒன்று பேராக் அரச மரபின் சின்னங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. அந்த மரபைத் தொடங்கியவர் மலாக்காவை இழந்த சுல்தான் மாமூட்டின் மைந்தர்.